முப்பத்தொரு கம்பங்கள்

எசென்கெல்தி கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் வண்டிக்குப் பின்பக்கம் போய் வாந்தி எடுப்பான். பிறகு ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு வருவான். இரண்டு வருடம் இப்படித்தான் நடந்தது. எங்கள் கசாக் புல்வெளி ஊரான தாஸ்குதுக்கில் இது தெரிந்த வெளியாள் நான் ஒருவன். மின்சாரப் பராமரிப்பு வண்டியின் டிரைவர் நான், பெயர் சபர்.

நாங்கள் இருவரும் ஒரே வயது, அவன் மூன்று மாதம் மூத்தவன். ஒரே வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவன் மூக்கு, அவன் நடை, அவன் மாமனார் வீட்டுக் குதிரை என்று எதையும் நான் விட்டுவைத்ததில்லை. இந்த வாந்தியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

கைரொல்லா இருந்தவரை அவன் அப்படி இல்லை. இருவரும் பதினான்கு வருடம் ஜோடியாக லைன் வேலை பார்த்தவர்கள். ஒரு மார்ச் மாதம் பனிக்காற்றில் கம்பி அறுந்துவிட்டது. சப்ஸ்டேஷனில் லைனை நிறுத்திவிட்டார்கள். முதலில் சோதனைக் கோலால் கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கோல் நுனி விளக்கு எரியாவிட்டால் எர்த் ஒயரை மாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கை வைக்கலாம். அன்றைக்கு அது கடைசிக் கம்பம், விரல்கள் விறைத்துப்போயிருந்தன. கீழே நின்ற எசென்கெல்தி, "இது ஒண்ணுதானே, சட்டுனு முடிச்சிட்டு இறங்கு" என்றான்.

எங்கேயோ ஒரு பண்ணையில் கரண்ட் போய்விட்டதே என்று யாரோ ஜெனரேட்டரைப் போட்டிருந்தார்கள். வீட்டு ஜெனரேட்டர் சின்னதுதான். ஆனால் பண்ணை டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி லைனில் ஏறினால் பத்தாயிரம் வோல்ட் ஆகிவிடும். கைரொல்லா சோதிக்காமலே கை வைத்தான். கத்தக்கூட இல்லை. பட்டையில் சாய்ந்து தொங்கினான். வண்டிக்குள் இருந்த நான், ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறான் என்றே கொஞ்ச நேரம் நினைத்தேன்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் அந்த ஒரு வாக்கியத்தை எசென்கெல்தியே சொன்னான். கண்டித்து ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஆள் இல்லையென்று மறுபடியும் அவனையே வேலைக்கு அனுப்பினார்கள். இரண்டாவது ஆள் கணக்குக்கு எனக்கு ஒரு பரீட்சை வைத்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் ஃபோர்மேன் தோலெகென். "இனி நீ டிரைவர் மட்டும் இல்ல, உதவியாளும்கூட" என்றார். நான் அதுவரை எங்கள் வீட்டுக் கூரையைத் தாண்டி எதிலும் ஏறியதில்லை.

அடுத்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் லைன் தானாக நின்று தானாக வந்தது. என்னவென்று பார்த்து வரச் சொன்னார் தோலெகென். எங்களுக்குத் தெரியும், பறவையாக இருக்கும். கழுகுக் குஞ்சுகள் பறக்கப் பழகிச் சுற்றும் மாதம் அது. ஒரு மரம் கிடையாது, உட்கார உயரமான இடம் என்றால் எங்கள் கம்பம்தான். குறுக்கு இரும்பில் உட்கார்ந்து சிறகை விரித்தால் நுனி கம்பியில் பட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் கம்பத்தடியில் மூன்று நான்கு கிடக்கும். வண்டியை நிறுத்தக்கூட மாட்டோம்.

பதினேழாம் நம்பர் கம்பத்தடியில் கிடந்தது புல்வெளிக் கழுகு, அந்த வருடத்துக் குஞ்சு. இறகு கருகிய நாற்றம் வண்டிக்குள்ளேயே வந்தது. கம்பியில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்க எசென்கெல்தி இறங்கிப் போனான். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடா?"

"கண்ணைத் திறக்குது."

நான் கிட்டே போனேன். கழுகு மல்லாந்து கிடந்து இரண்டு கால்களையும் எங்களை நோக்கி நீட்டியது. வலது சிறகு விரிந்தபடி மண்ணில் கிடந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் எங்களை விட்டு நகரவில்லை. அவ்வளவு பயந்த ஒரு பார்வையை அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், வண்டிக் கண்ணாடியில், எசென்கெல்தி வாயைத் துடைத்துக்கொண்டு வரும்போது.

"விட்டுடு. சாயங்காலத்துக்குள்ள நரி வந்துடும்" என்றேன்.

அவன் மேல்சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டுச் சுருட்டித் தூக்கினான். தூக்கும்போதே ஒரு கால் வெளியே வந்து அவன் இடது உள்ளங்கையைப் பிடித்துவிட்டது. நகம் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது.

"இழுக்காத! அசையாம இரு!"

"அசையாமத்தான் இருக்கேன். நீதான் ஆடற."

உண்மைதான், நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன். அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்து கையைக் கொடுத்தபடியே இருந்தான். ஊர் எல்லைக்கு வந்த பிறகுதான் அது பிடியை விட்டது.

அவன் மனைவி ரௌஷான் வாசலில் பால் வடிகட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் பக்கத்து ஆண்களை எங்கள் பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அவள் வைத்த பெயர் வண்டிக்காரர்.

"வண்டிக்காரரே, இவரு கையில என்ன ரத்தம்?"

"பொண்ணு பார்க்கப் போனோம் அண்ணி. கையைப் பிடிச்சா, விடவே மாட்டேன்னுட்டா."

அவள் சட்டையை விலக்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "கரண்ட்டா?" என்றாள். எசென்கெல்தி தலையாட்டினான். அவள் பால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் மாட்டுக்கொட்டகையின் கடைசி அறையில் இருந்த கன்றை அவிழ்த்து வெளியே விட்டாள்.

எங்கள் மாவட்டத்துக் கால்நடை டாக்டர் லிடியா கென்ரிகோவ்னா. அறுபது வயதை நெருங்கும் ஜெர்மன்காரி, எங்களைவிட நன்றாகக் கசாக் மொழி பேசுவாள். மறுநாள் வந்து பறவையின் முகத்தைத் துணியால் மூடி, சிறகை விரித்துப் பார்த்தாள். சிறகு மடங்கும் மணிக்கட்டில் ஓர் எரிந்த துளை. நீள இறகில் நான்கு அடியோடு கருகியிருந்தன. இடது காலின் வெளிவிரலில் இன்னொரு துளை.

"இங்க நுழைஞ்சு இங்க வெளியேறியிருக்கு" என்றாள். "எசென்கெல்தி, கேட்டுக்கோ. கரண்ட் பட்ட காயம் முதல் நாள் தெரியாது. பத்து நாள் உள்ளுக்குள்ளேயே செத்துக்கிட்டு இருக்கும். தினமும் சிறகு நுனியைத் தொட்டுப் பாரு. சூடு இருந்தா உயிர் இருக்கு. ஜில்லுனு ஆயிட்டா போன் பண்ணு. ஊசியோட வரேன். அதுக்கப்புறம் வச்சிருக்கறது பாவம்."

"சரி."

"இன்னொண்ணு. அதுகிட்டப் பேசாத, கொஞ்சாத. அது உன்னைப் பார்த்துப் பயந்துக்கிட்டே இருக்கணும். பயம் விட்டுப்போன கழுகை வெளியில விட முடியாது."

அந்தப் பத்து நாளும் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. காலையில் நான் வண்டியோடு போய் ஹாரன் அடித்தால் உடனே வர மாட்டான். கொட்டகைக் கதவுக்கு வெளியே கையைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு நிற்பான்.

"உள்ள போயேன்டா."

"என் கை ஜில்லுனு இருந்தா எப்படித் தெரியும், சிறகு ஜில்லுனு இருக்கா இல்லையான்னு?"

உண்மையில் பயம். அவனுக்குக் கதவைத் திறக்கத் தைரியம் இல்லை. சில நாள் ரௌஷான்தான் முதலில் போய்த் தொட்டுவிட்டு வந்து, "சூடா இருக்கு, போங்க" என்பாள். ஆறாம் நாள் வெளிவிரல் கறுத்தது, ஒன்பதாம் நாள் அது உதிர்ந்து விழுந்தது. மணிக்கட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் செத்து உரிந்தது. சிறகு நுனி மட்டும் சூடாகவே இருந்தது.

மற்ற கழுகுகள் அக்டோபரில் தெற்கே போய்விட்டன. இது எங்களோடு குளிரைக் கழித்தது. கொட்டகையில் மாட்டுச் சூடு உண்டு. ரௌஷான் ஜன்னலுக்குக் கம்பளி அடித்தாள், தரைக்கு வைக்கோல் போட்டாள். ஆட்டு இதயம், புறா, முயல் என்று ரோமத்தோடும் இறகோடும் சுவரிலிருந்த ஒரு சின்னத் திறப்பு வழியாகத் தள்ளுவாள். முகத்தைக் காட்ட மாட்டாள், பேச மாட்டாள். யாராவது நடந்தாலே உள்ளே அது சுவரில் போய் மோதும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் எசென்கெல்தி நிம்மதியாகச் சாப்பிடுவான்.

பிப்ரவரியில் ஒருநாள் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எசென்கெல்தி வெளியே போனதும் ரௌஷான் கிண்ணத்தை நிரப்பிவிட்டு மெல்லக் கேட்டாள்.

"வண்டிக்காரரே, அவரு மேல ஏறும்போது நீங்க எங்க பார்ப்பீங்க?"

"மேலதான்."

"போன்ல பாட்டு எதுவும் கேட்க மாட்டீங்களே?"

"மாட்டேன் அண்ணி."

"சாப்பாட்டு டப்பாவை நிறையக் கொடுத்தாலும் பாதியாத்தான் திரும்பி வருது. துணியில வாந்தி நாத்தம். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிருக்காரு. நானும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." பவுர்சாக் என்னும் பொரித்த ரொட்டித் துண்டுகள் இருந்த தட்டைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "ஃபோர்மேனுக்குத் தெரிஞ்சா வேலையிலிருந்து எடுத்துடுவாரா?"

"ஏற விட மாட்டாரு."

"அது நல்லதா கெட்டதான்னே எனக்குத் தெரியல" என்றாள்.

மார்ச்சில் லிடியா மறுபடி வந்தாள். காயம் ஆறிவிட்டது, ஆனால் கருகிய நான்கு இறகுகளின் இடம் ஓட்டை. தானாக முளைக்க இரண்டு கோடை ஆகலாம், அதுவரை அடைத்து வைத்தால் நெஞ்சுத் தசை கரைந்துவிடும் என்றாள். வேட்டைக்குக் கழுகு வளர்ப்பவர்கள் இறகு ஒட்டுவார்கள். அதே இனம், அதே பக்கம், அதே வரிசை இறகாக வேண்டும். வெட்டிய தண்டுக்குள் மூங்கில் ஈர்க்கைச் செருகி, பசை வைத்துப் புது இறகை மாட்டிவிட வேண்டும்.

"இறகுக்கு எங்க போறது?" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கேட்டிருக்கவே வேண்டாம்.

பனி உருகும்போது கம்பத்தடியில் கிடப்பவை எல்லாம் வெளியே தெரியும். எசென்கெல்தி ஒரு பையோடு கம்பம் கம்பமாக நடந்தான். அதுவரை நாங்கள் வண்டியை நிறுத்தாமல் போன இடங்கள் அவை. ஊர் எல்லையிலிருந்து வறண்ட ஆறுவரை முப்பத்தொரு கம்பங்கள். பதினொரு கழுகு, இரண்டு வல்லூறு, ஓர் ஆந்தை. மூன்று கழுகுகளிலிருந்து நான்கு இறகு தேறியது. வண்டியில் ஏறியவன் பையை மடிமேல் வைத்துக்கொண்டான்.

"எண்ணினியா?" என்றான்.

"எண்ணினேன்."

"இறகை ஒட்டி விட்டா அது எங்க போய் உட்காரும்?"

எனக்குப் பதில் தெரியும். தரையில் வளை தோண்டும் அணில்களின் பொந்துகள் நிறைந்த மேடு அந்த லைனை ஒட்டித்தான் இருந்தது. கழுகு அங்கேதான் வேட்டைக்கு வரும், வந்தால் எங்கள் கம்பத்தில்தான் உட்காரும்.

சப்ஸ்டேஷன் கிடங்கில் பிளாஸ்டிக் உறைகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. கம்பியைத் தாங்கும் பீங்கானையும் அதன் இருபுறத்துக் கம்பியையும் மூடுகிற உறை, பறவைக்காகவே செய்தது. வந்து மூன்று வருடம், ஒரு பெட்டிகூடப் பிரிக்கவில்லை. எசென்கெல்தி தோலெகெனிடம் போய் நின்றான்.

"மாட்டலாம். நான் வேணாங்கலையே" என்றார் தோலெகென். "ஆனா லைனை நிறுத்தணும். ஆடு குட்டி போடற காலம், பண்ணைக்காரன் எல்லாம் என் கழுத்தைப் பிடிப்பான். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், ஆறு நாள். அதுக்கு மேல தர மாட்டேன். யாரு ஏறுவா?"

"நான்."

நான் தரையைப் பார்த்தேன். முப்பத்தொரு கம்பம், முப்பத்தொரு தடவை.

ஏப்ரல் நடுவில் ஆரம்பித்தோம். எங்களிடம் எர்த் ஒயர் ஒரே ஒரு செட். ஒவ்வொரு கம்பத்திலும் சோதித்து, மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி அடுத்ததற்குக் கொண்டுபோக வேண்டும். அவன் வண்டிக்குப் பின்னால் போவான், வாய் கொப்பளிப்பான், காலில் இரும்புக் கொக்கிகளை மாட்டுவான். கம்பத்தின் முக்கால் உயரத்தில் நின்று பட்டையைச் சுற்றிக் கட்டி, கோலை உயர்த்தி, மூன்று கம்பியையும் தொடுவான். ஒரு தடவை போதும், அவன் மூன்று தடவை தொடுவான். நான் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பேன். கழுத்து பிடித்துக்கொள்ளும்.

மூன்று நாளில் பதினாறு முடிந்தது. நான்காம் நாள் நல்ல வேகம், மத்தியானத்துக்குள் இருபத்திரண்டாம் நம்பருக்கு வந்துவிட்டோம். காற்று பலமாக அடித்தது. அவன் ஏறினான், பட்டையைக் கட்டினான், கோலை உயர்த்தினான்.

கோலின் முனையில் சிவப்பு எரிந்தது.

முதலில் வெயில் பட்டு மினுக்குகிறது என்று நினைத்தேன். பிறகு பூச்சி கத்துகிற மாதிரி அதன் ஒலியும் காற்றில் வந்தது.

"எசென்கெல்தி! இறங்கு!"

அவன் இறங்கவில்லை. கோலை மட்டும் இழுத்துக்கொண்டு கம்பத்தைக் கட்டிப்பிடித்தான். முகத்தைக் கான்கிரீட்டில் அழுத்திக்கொண்டான்.

நான் ஓடிப்போய் வயர்லெஸ்ஸை எடுத்தேன். தோலெகென் உடனே வந்தார். "இங்க ஆஃப்தான்டா! பூட்டு போட்டிருக்கு, சாவி என் பாக்கெட்ல இருக்கு!" அப்படியென்றால் ஏதோ ஒரு பண்ணை. கைரொல்லாவுக்கு அன்றைக்கு நடந்தது அப்படியே மறுபடியும்.

கம்பத்தடிக்கு வந்தேன். "டேய், ஜெனரேட்டர்டா. கம்பிக்கும் உனக்கும் ரெண்டு மீட்டர் இருக்கு, ஒண்ணும் ஆகாது. கொக்கியை எடுத்து எடுத்து வச்சு இறங்கு."

"கால் வரமாட்டேங்குது."

"வரும். வலது காலைத் தூக்கு."

"சபர், தூக்கறேன். வரல."

அவன் குரல் ஒரு சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. பட்டை கம்பத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டது, அவ்வளவு நடுக்கம். மயங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பட்டையில் தொங்குவான். நான் அதை ஒரு தடவை பார்த்தவன்.

லைனின் அந்தக் கிளையில் இரண்டு பண்ணைகள். இரண்டும் எதிரெதிர்த் திசை, போனில் டவர் கிடையாது. போனால் அவனைத் தனியே விட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

"நான் போய் அணைச்சிட்டு வரேன். நீ கையை மேல தூக்காத. என்ன ஆனாலும் தூக்காத. கேக்குதா?"

"போகாதடா."

போனேன். அதற்கு மேல் அங்கே நின்றிருந்தால் நானும் அவனோடு சேர்ந்து அழுதிருப்பேன், வேறு ஒன்றும் நடந்திருக்காது.

முதல் பண்ணை மூன்று கிலோமீட்டர். வண்டியைப் பள்ளம் மேடு பார்க்காமல் விட்டேன். நாய்தான் வந்தது. கதவு பூட்டியிருந்தது, ஜெனரேட்டர் தார்ப்பாய்க்குள் குளிர்ந்து கிடந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் போட்ட கெட்ட வார்த்தைக்கு அந்த நாயே பின்வாங்கியது. திரும்பி வரும் வழியில் தூரத்தில் கம்பம் தெரிந்தது, அதில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. நிறுத்திப் பார்க்கப் பயந்து மறுபக்கம் ஓட்டினேன்.

இரண்டாவது பண்ணையில் சத்தம் வாசலிலேயே கேட்டது. ஒரு பெண் பால் பிரிக்கிற இயந்திரத்தின் முன்னால் வாளியோடு நின்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் ஜெனரேட்டரிடம் ஓடி அதை அணைத்தேன். ஒயரைப் பிடுங்கினேன்.

"ஐயோ, பாலு கெட்டுப்போகும்! யாருங்க நீங்க?"

"லைன்ல ஆள் நிக்குதும்மா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. வாளி கைநழுவிக் கீழே விழுந்தது. நான் வண்டியைத் திருப்பும்போது அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தபோது அவன் அதே இடத்தில், அதே மாதிரி. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இதழ் நீலம் பாரித்திருந்தது, ஆனால் உயிரோடு இருந்தான். கோல் இன்னும் கையில் இருந்தது. "அணைச்சாச்சு. தொட்டுப் பாரு" என்றேன். மாட்டேன் என்று தலையசைத்தான். நான் வற்புறுத்தவில்லை. வண்டி மேலிருந்த ஏணியை இறக்கிக் கம்பத்தில் சாய்த்தேன். ஏறினேன். நான்கு படி தாண்டியதும் எனக்கு உலகமே ஆடியது. கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் படிவரை போனேன். அங்கிருந்து கையை உயர்த்தினால் அவன் பூட்ஸ் எட்டியது.

"நீயாடா ஏறின?" என்றான் மேலிருந்து.

"பேசாத. உன் பூட்ஸ் நாத்தத்துலயே விழுந்துடுவேன். வலது காலை லேசா விடு, நான் பிடிச்சிருக்கேன்."

கணுக்காலைப் பிடித்துக் கொக்கியை நானே விடுவித்து, ஒரு சாண் கீழே பதித்தேன். பிறகு இடது கால், பிறகு மறுபடி வலது. ஏணிக்கு வந்த பிறகு அவன் கால் தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. தரைக்கு வந்ததும் இருவரும் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தோம். என் பற்கள்தான் அதிகமாக அடித்துக்கொண்டன.

"கைரொல்லாவுக்கு ரெண்டு மீட்டர்கூட இல்ல" என்றான் அவன். பிறகு அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு முடிந்தது, மீதி பத்துக் கம்பம் அப்படியே கிடக்கும் என்று நினைத்தேன். மறுநாள் காலை வாசலில் பையோடு நின்றான். அன்றைக்கு முதல் காரியமாக இரண்டு பண்ணைக்கும் போய், ஜெனரேட்டர் ஒயரைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டோம். அந்தப் பெண் தானே கழற்றிக் கொடுத்தாள், கூட ஒரு புட்டி பாலேடும் கொடுத்தாள். இருபத்திரண்டாம் கம்பத்தடியில் அவன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். இரண்டு நாளில் முப்பத்தொன்றும் முடிந்தது.

அன்று சாயங்காலம் இடுப்புப் பட்டையைத் தோலெகென் மேசைமேல் வைத்தான். "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு வருஷமா இருக்கு. இனிமே ஏற மாட்டேன்."

தோலெகென் பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொலைகாரனா ஆக்கப் பார்த்தீங்களேடா" என்று கத்தினார். அரைமணி நேரம் கத்தினார். பிறகு உட்கார்ந்து, கீழே நின்று எர்த் மாட்டவும் சோதிக்கவும் ஒரு பொறுப்பான ஆள் தேவைதான் என்றார்.

மே முதல் வாரம் கழுகை விட்டோம். லிடியா அதன் காலில் எண் போட்ட ஒரு வளையம் மாட்டியிருந்தாள். அதற்கு முன்னால் பத்து நாள் நீளக் கயிற்றில் பறக்கவிட்டுப் பார்த்திருந்தோம், ஒட்டிய இறகுகள் நன்றாகவே பிடித்திருந்தன. மேட்டில் பெட்டியைத் திறந்தாள் ரௌஷான். அது பறந்தது, ஐம்பது அடி தூரம். பிறகு புல்லில் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

ஒரு மணி நேரம் அசையவில்லை. "இறகு போச்சா?" என்றாள் ரௌஷான். "நரி வருமா? நாய் வருமா?" நாங்கள் புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தோம். இரண்டாவது மணி நேரத்தில் காற்று திரும்பியது. அது எழுந்தது, வட்டமடித்தது, நேராக லைனுக்குப் போய் இருபத்தாறாம் கம்பத்தின் குறுக்கு இரும்பில் உட்கார்ந்தது.

எசென்கெல்தி என் முழங்கையைப் பிடித்தான். கழுகு ஒரு தடவை குலுங்கி, இரண்டு சிறகையும் அகல விரித்தது. வலது நுனி உறையில் உரசுவது தெரிந்தது. ரௌஷான் முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. அது சிறகை மடக்கி, அலகால் கோதி, பிறகு எழும்பி வறண்ட ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

"போயிடுச்சா?" என்றாள் ரௌஷான், தலையைத் தூக்காமலே.

"போயிடுச்சு" என்றான் எசென்கெல்தி. "ஆத்துக்கு அந்தப் பக்கம்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டத்து லைன். அங்கே உறை கிடையாது. அந்த மாவட்ட மின் அலுவலகத்துக்கு லிடியா எழுதிய கடிதங்களுக்கு இதுவரை பதில் இல்லை.

இப்போது இரண்டு புது லைன்மேன்கள் ஏறுகிறார்கள். எர்த் மாட்டுவதும் சோதிப்பதும் எசென்கெல்தி. அவன் சரி என்று சொல்லாமல் யாரும் கொக்கியை மாட்டக் கூடாது. பயல்கள் "அண்ணே, நாலாவது தடவையும் தொட்டுடுங்க, கம்பி கோச்சுக்கும்" என்று கேலி செய்வார்கள். அவன் நாலாவது தடவையும் தொடுவான். வாந்தி நின்றுவிட்டது. பயம் நிற்கவில்லை, யாராவது மேலே இருந்தால் அவனால் சாப்பிட முடியாது.

லீவு நாளில் என்னைக் கூப்பிட்டுக்கொண்டு ஆற்றைத் தாண்டுவான். கம்பத்தடியில் எது கிடந்தாலும் வண்டியை நிறுத்தச் சொல்வான். நான் இறங்க மாட்டேன். அவன் போய்க் குனிந்து காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வளையம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வருவான். அந்த வார்த்தை வரும்வரை நானும் மூச்சு விடுவதில்லை. போன வாரம் ஒன்பது கம்பம் பார்த்தோம், நான்கு பறவை. வெயில் சாய்ந்துவிட்டது, திரும்பலாம் என்றேன்.

"அதோ, அங்க ஒண்ணு கறுப்பா கிடக்கு" என்றான். "அதை மட்டும் பார்த்துட்டுப் போயிடலாம்."

அது கிழிந்த டயர்.